ஆளுநருக்கு அடுத்த நாற்காலி: 1985 வர்ஜீனியா தேர்தல் வழியே ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்குச்சாவடிக்குப் போகிறவர் மூன்று பதவிகளுக்குத் தனித்தனியே வாக்களிக்க வேண்டும்: ஆளுநர், துணை ஆளுநர், மாநிலத் தலைமை வழக்கறிஞர். 1985 நவம்பர் 5 அன்று நடந்த தேர்தலில் மூன்றையும் ஜனநாயகக் கட்சியே வென்றது. ஆனால் ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்களுக்கும் கிடைத்த வாக்கு ஒன்றுபோல் இல்லை. தலைமை வழக்கறிஞர் பதவிக்கு நின்ற மேரி சூ டெரி 61 விழுக்காடு வாக்குகள் பெற்றார். ஆளுநர் பதவிக்கு நின்ற ஜெரால்ட் பலைல்ஸ் 55 விழுக்காடு பெற்றார். துணை ஆளுநர் பதவிக்கு நின்ற டக்ளஸ் வைல்டருக்கு 51.8 விழுக்காடுதான் கிடைத்தது.

வைல்டர் கறுப்பினத்தவர். அவருடைய தாத்தாவும் பாட்டியும் அடிமைகளாக இருந்தவர்கள். வர்ஜீனியாவின் வரலாற்றில் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அந்த மூன்று எண்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி எப்படி வந்தது, ஏன் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்தாலே துணை ஆளுநர் தேர்தலின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் நாட்டில் ஆளுநர் என்பவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறவர். புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரும் அப்படித்தான். இந்த நினைப்போடு அமெரிக்கத் தேர்தல் செய்தியைப் படித்தால் எல்லாமே குழம்பிப்போகும். அங்கே ஆளுநர் வீதி வீதியாக வாக்குக் கேட்டு வென்று வருகிறவர்; வேலையிலும் அதிகாரத்திலும் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். துணை ஆளுநர் அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். அதற்காக அவரை நம் துணை முதலமைச்சரோடு ஒப்பிடவும் முடியாது. துணை முதலமைச்சரை முதலமைச்சர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். வேண்டாம் என்றால் அந்தப் பதவியே இருக்காது. அமெரிக்க மாநிலங்களின் துணை ஆளுநர் பதவியோ பெரும்பாலும் அந்தந்த மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. வர்ஜீனியாவில் ஆளுநர் நினைத்தாலும் துணை ஆளுநரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ஆங்கிலத்தில் இந்தப் பதவியின் பெயர் ‘லெப்டினன்ட் கவர்னர்’. லெப்டினன்ட் என்பது பிரெஞ்சு வழி வந்த சொல். ஒருவருக்குப் பதிலாக அவர் இடத்தைப் பிடித்திருப்பவர் என்று பொருள். வர்ஜீனியா பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் இந்தப் பொருள் அப்படியே நடைமுறையில் இருந்தது. ஓர்க்னி பிரபு என்பவர் 1710 முதல் 1737 வரை வர்ஜீனியாவின் ஆளுநர். அந்த 27 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் வர்ஜீனியா மண்ணில் கால் வைக்கவில்லை. பதவியும் அதற்குரிய வருமானமும் அவருக்கு. கடல் கடந்து வந்து நிர்வாகம் செய்தது அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட் போன்ற துணை ஆளுநர்கள். பின்னாளில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற இளைஞரைப் பிரெஞ்சுக்காரர்களிடம் எச்சரிக்கைக் கடிதத்தோடு அனுப்பிவைத்த ராபர்ட் டின்விடியும் ஒரு துணை ஆளுநர்தான். இன்று அதிகாரம் குறைந்த பதவியாக நாம் காண்பது ஒரு காலத்தில் நாட்டையே ஆண்ட பதவி. மக்கள் நேரடியாக வாக்களித்துத் துணை ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வர்ஜீனியாவில் 1851ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தோடுதான் வந்தது.

இன்றைய துணை ஆளுநருக்கு என்ன வேலை? வர்ஜீனியாவை வைத்தே சொல்கிறேன். ஆளுநர் இறந்துவிட்டாலோ பதவி விலகினாலோ அந்த இடத்துக்கு வருவது முதல் வேலை. அது நடக்காதவரை, மாநில மேலவையான செனட்டின் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவது. மேலவையில் 40 உறுப்பினர்கள்; வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் துணை ஆளுநர் தன் வாக்கைப் போடலாம். சட்டமன்றக் கூட்டம் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் நடக்கும் என்பதால் இது பகுதிநேரப் பதவியாகவே கருதப்படுகிறது. ஆளுநரின் ஆண்டுச் சம்பளம் 1,75,000 டாலர் என்றால் துணை ஆளுநரின் சம்பளம் 36,321 டாலர். பெரும்பாலும் அவர்கள் தங்கள் தொழிலையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

சரிபாதி என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி என்று நினைத்துவிடக் கூடாது. 2011 தேர்தலுக்குப் பின் வர்ஜீனியா மேலவையில் இரண்டு கட்சிகளுக்கும் 20, 20 என்று இடங்கள் வந்தன. அப்போதைய துணை ஆளுநர் பில் போலிங் குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய ஒரு வாக்கின் பலத்தில் அவையின் குழுக்கள் முழுவதும் அவர் கட்சியின் கைக்குப் போயின. ஆனால் வரவுசெலவுத் திட்டத்தில் அவர் வாக்களிக்க முடியவில்லை. அதற்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு வேண்டும் என்கிறது அரசியல் சட்டம், துணை ஆளுநர் உறுப்பினர் அல்லர். ஆகவே அதே அவையில் ஜனநாயகக் கட்சியினர் வரவுசெலவுத் திட்டத்தை முடக்கிவைத்தார்கள்.

எல்லா மாநிலங்களிலும் இப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். டெக்சாஸில் துணை ஆளுநர் மேலவைக் குழுக்களுக்கு ஆட்களை நியமிப்பவர், எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்று முடிவுசெய்பவர். ஆளுநரைவிட இவரே பலசாலி என்று சொல்வோர் உண்டு. மெய்ன் போன்ற சில மாநிலங்களில் அந்தப் பதவியே இல்லை. டென்னசியில் மேலவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அவைத் தலைவரே அந்தப் பட்டத்தையும் சுமக்கிறார்.

தேர்தல் என்று வரும்போது கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. நியூயார்க், பென்சில்வேனியா, ஓகையோ போன்ற மாநிலங்களில் பொதுத்தேர்தலின்போது ஆளுநரும் துணை ஆளுநரும் ஜோடியாக நிற்பார்கள். வாக்காளருக்கு ஒரே வாக்கு, ஜோடியை ஏற்றுக்கொள்ளலாம் அல்லது தள்ளலாம். வர்ஜீனியா, வட கரோலினா, டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற இடங்களில் இருவருக்கும் தனித்தனி வாக்கு. தனி வாக்கு என்றால் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரும் வென்றுவிடலாம். கலிபோர்னியாவில் 1978இல் அப்படித்தான் ஆனது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஜனநாயகக் கட்சி. துணை ஆளுநர் மைக் கர்ப் குடியரசுக் கட்சி. ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினால் துணை ஆளுநர் பொறுப்பு ஆளுநர் ஆவார் என்பது அந்த மாநிலச் சட்டம். பிரவுன் வெளியூர் போன சமயத்தில் கர்ப் ஒரு நீதிபதியை நியமித்துவிட்டார். திரும்பி வந்த பிரவுன் அதை ரத்து செய்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. பொறுப்பில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் உண்டு, ஆனால் நியமனம் முழுமை பெறுவதற்குள் ஆளுநர் அதைத் திரும்பப் பெறலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கூத்தைக் காட்டி, ஜோடி முறைதான் நல்லது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகக் கண்ணோட்டத்தில் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் தனி வாக்கு முறைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதற்கு 1985 வர்ஜீனியாவைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

லாரன்ஸ் டக்ளஸ் வைல்டர் 1931இல் ரிச்மண்ட் நகரின் சர்ச் ஹில் பகுதியில் பிறந்தவர். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைநகராக உள்நாட்டுப் போர்க் காலத்தில் இருந்த அதே ரிச்மண்ட். வைல்டர் வேதியியல் படித்தார். கொரியப் போரில் பணியாற்றி வீரத்துக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றார். பிறகு வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, ஊர் திரும்பி வழக்கறிஞர் ஆனார்.

அந்த நாட்களில் வர்ஜீனியாவில் வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். 1902ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆண்டுக்கு ஒன்றரை டாலர். மூன்று ஆண்டு வரியைப் பாக்கியில்லாமல் கட்டியிருக்க வேண்டும், அதுவும் தேர்தலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே. கூலி வேலை செய்யும் குடும்பம் ஒன்று, இன்னும் யார் வேட்பாளர் என்றே தெரியாத தேர்தலுக்காக, ஆறு மாதம் முன்னால் பணத்தை எடுத்துவைத்துக் கட்டுமா? கட்டாது என்று தெரிந்தேதான் அந்த விதியை எழுதினார்கள். கறுப்பினத்தவரையும் ஏழை வெள்ளையரையும் சேர்த்தே அது வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. மாநிலத் தேர்தல்களுக்கான இந்த வரியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது 1966இல். அது வர்ஜீனியாவிலிருந்து போன வழக்கு. அதே மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதைத் தடுக்க 1959 முதல் 1964 வரை தன் பொதுப்பள்ளிகளையே இழுத்து மூடியது. ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளை இழந்த பிள்ளைகள் 1985இல் முப்பதுகளில் இருந்த வாக்காளர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

வைல்டரின் முதல் பதவியே ஒரு துணை ஆளுநர் தேர்தலால் வந்ததுதான். 1969இல் சார்ஜென்ட் ரெனால்ட்ஸ் என்பவர் துணை ஆளுநராக வென்றபோது, ரிச்மண்டில் அவர் வகித்த மேலவை இடம் காலியானது. அந்த இடைத்தேர்தலில் வைல்டர் வென்று, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்கு அப்புறம் வர்ஜீனியா மேலவைக்குள் நுழைந்த முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். ரெனால்ட்ஸ் பாவம், 1971இல் மூளைக் கட்டியால் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு 34 வயதுதான். காலியான துணை ஆளுநர் பதவிக்கு நடந்த தனித் தேர்தலில் ஹென்றி ஹோவெல் எந்தக் கட்சியையும் சாராத சுயேச்சையாக நின்று வென்றார். இந்த நாற்காலி பெரிய கட்சிகளின் கணக்கை அவ்வப்போது தப்பவைத்திருக்கிறது.

மேலவையில் வைல்டரின் முதல் பேச்சே மாநிலப் பாடலுக்கு எதிரானது. வயதான அடிமை ஒருவர் தன் பழைய எஜமானரை நினைத்து ஏங்குவதாக அமைந்த பாடல் அது. அரசு விழாக்களில் எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டும். 1970இல் ஒரே கறுப்பின உறுப்பினராக எழுந்து, இந்தப் பாடல் வேண்டாம் என்றார். அவை அசையவில்லை. அந்தப் பாடலுக்கு ஓய்வு கொடுக்க 1997 வரை ஆனது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கும் மசோதாவையும் ஆண்டுக்கு ஆண்டு கொண்டுவந்தார். 1984இல்தான் அது நிறைவேறியது, அதுவும் தென்மாநிலப் படைத்தலைவர்கள் லீ, ஜாக்சன் இருவரின் நினைவுநாளோடு ஒட்டவைக்கப்பட்டு.

பதினைந்து ஆண்டுகள் மேலவையில் இருந்தபின் துணை ஆளுநர் பதவிக்கு நிற்கப்போவதாக அவர் சொன்னபோது சொந்தக் கட்சியிலேயே பலருக்கு வயிற்றைக் கலக்கியது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இவரை நிறுத்தினால் வெள்ளையர் வாக்குப் போய்விடும், கூட இருக்கும் இருவரையும் இவர் இழுத்துக் கவிழ்த்துவிடுவார் என்று பயந்தார்கள். ஆனாலும் கட்சிக்குள் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. 1982இல் நாடாளுமன்ற மேலவைத் தேர்தலில் கட்சி நிறுத்தவிருந்த ஒருவர், பழைய இனப்பிரிவினை அரசியலின் தூணான பைர்ட் குடும்பத்தைப் புகழ்ந்து பேசியதால், தானே சுயேச்சையாக நிற்பேன் என்று வைல்டர் எழுந்தார். அந்த வேட்பாளர் விலகிக்கொள்ள நேர்ந்தது. வைல்டரைப் பகைத்துக்கொண்டால் கறுப்பின வாக்கு போகும் என்ற பாடத்தைக் கட்சி ஏற்கெனவே கற்றிருந்தது.

ஜோடி முறை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே யோசித்துப் பாருங்கள். ஆளுநர் வேட்பாளரும் அவருடைய ஆலோசகர்களும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து துணையைத் தேர்ந்திருப்பார்கள். அந்தப் பயத்தோடு அந்த அறையில் வைல்டரின் பெயர் நிலைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவரிடம் பெரிய பணம் இல்லை. ஆகவே ஒரு ஸ்டேஷன் வேகன் காரை எடுத்துக்கொண்டு கோடைக் காலத்தில் கிளம்பினார். வர்ஜீனியாவில் அப்போது 95 மாவட்டங்கள், மாவட்டங்களில் சேராத 41 தனி நகரங்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் போவதென்று முடிவு. ஏறத்தாழ இரண்டு மாதங்கள், 3,000 மைலுக்கு மேல். நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கும் தென்மேற்கு மலைப்பகுதியில் கறுப்பினத்தவர் மிகக் குறைவு. அங்கே போவதில் வாக்குக் கணக்கு எதுவும் இல்லை என்றுதான் அனுபவசாலிகள் சொல்லியிருப்பார்கள். அவர் அங்கே கடைகளிலும் நீதிமன்ற வாசல்களிலும் நின்று கைகுலுக்கினார். போன ஊரிலெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம் அது.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் எடுத்த தொலைக்காட்சி விளம்பரம் வர்ஜீனியாவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் காவலர். வெள்ளையினத்தவர், கனத்த உடம்பு, சீருடை, தென்மாநிலத்துக்கே உரிய இழுத்து இழுத்துப் பேசும் குரல். இனப்பிரிவினை ஆழமாக வேரூன்றியிருந்த பகுதியைச் சேர்ந்த அப்படி ஒரு மனிதர், தன் ஆதரவு வைல்டருக்கே என்று திரையில் சொல்கிறார். இனத்தைப் பற்றி அந்த விளம்பரத்தில் ஒரு சொல்கூட இல்லை. தயங்கிக்கொண்டிருந்த வெள்ளையின வாக்காளருக்கு, தன் பக்கத்து வீட்டுக்காரரே அனுமதி கொடுத்ததுபோல் இருந்திருக்கும்.

எதிரே நின்றவர் குடியரசுக் கட்சியின் மாநில மேலவை உறுப்பினர் ஜான் சிசெஸ்டர். வைல்டர்மேல் சொல்லக் குறைகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு வழக்கை இழுத்தடித்ததற்காக 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் அவரைக் கண்டித்திருந்தது. சர்ச் ஹில்லில் அவருக்குச் சொந்தமான வீடு ஒன்று பராமரிப்பின்றிப் பாழடைந்து கிடந்ததும் பிரச்சாரத்தில் வந்தது. இவை வாக்காளர்கள் கேட்க வேண்டிய கேள்விகளே. அவற்றையும் கேட்டு, எடைபோட்டுத்தான் வாக்களித்தார்கள். முடிவில் சுமார் 48,000 வாக்கு வித்தியாசத்தில் வைல்டர் வென்றார். வெள்ளையின வாக்காளர்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள்.

இப்போது அந்த மூன்று எண்களுக்குத் திரும்புகிறேன். 61, 55, 51.8. ஆளுநர் பதவிக்குப் பலைல்ஸுக்கு வாக்களித்த நூறு பேரில் ஆறேழு பேர் அளவுக்கு அடுத்த வரியில் வைல்டரைத் தவிர்த்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் நிறத்துக்காக, எத்தனை பேர் பாழடைந்த வீட்டுக்காக என்று எண் சொல்லாது. ஆனால் மற்றவர்கள், அதாவது மிகப் பெரும்பான்மையினர், அந்தப் பெயரை வாசித்து, அந்தப் பெயருக்கென்றே தனியாக வாக்களித்தார்கள். ஆளுநரின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று யாரும் சொல்ல முடியாத வெற்றி. தனி வாக்கு முறையின் பலம் என்று நான் சொன்னது இதைத்தான்: வென்றவர் கையில் அவருக்கே உரிய மக்கள் தீர்ப்பு இருக்கிறது, எத்தனை தூரம் மாறியிருக்கிறோம், எத்தனை தூரம் மாறவில்லை என்று ஒரு மாநிலம் தன்னையே அளந்துகொள்ளவும் முடிகிறது. பதவி சிறியது என்பதும் உதவியது. முழு அதிகாரத்தையும் கொடுக்கத் தயங்குகிறவர்கள், மேலவைக்குத் தலைமை தாங்கும் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார்கள்.

அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால் வைல்டர் முதல் கறுப்பினத் துணை ஆளுநர் அல்லர். லூசியானாவில் 1868லேயே ஆஸ்கர் டன் என்ற கறுப்பினத்தவர் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பிறக்கும்போது அடிமை. அவர் 1871இல் இறந்தபின் அந்தப் பொறுப்புக்கு வந்த பி. பி. எஸ். பின்ச்பேக், ஆளுநர்மீது குற்றவிசாரணை நடந்ததால் 1872 டிசம்பர் 9 முதல் ஐந்து வாரம் ஆளுநராக இருந்தார். அவர் பதவியிலிருந்து இறங்கிய நாள் 1873 ஜனவரி 13. 1974இல் கலிபோர்னியாவும் கொலராடோவும் கறுப்பினத் துணை ஆளுநர்களைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் தென்மாநிலங்களில், மறுசீரமைப்புக் காலத்தோடு மூடிய கதவு 1985இல்தான் திறந்தது.

வர்ஜீனியாவில் ஆளுநர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. ஆகவே துணை ஆளுநர் பதவி ஏற்கிற நாளிலேயே அடுத்த ஆளுநர் வேட்பாளராகப் பேசப்படத் தொடங்கிவிடுவார். சார்லஸ் ராப், டிம் கெய்ன், ரால்ப் நார்தம் ஆகியோர் இந்த ஏணியில்தான் ஏறினார்கள். வைல்டரும் 1989இல் ஆளுநர் பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் மார்ஷல் கோல்மேன். 1985இல் துணை ஆளுநர் வேட்பாளராக வர முயன்று, தன் கட்சிக்குள் சிசெஸ்டரிடம் தோற்றவர். கருத்துக்கணிப்புகள் வைல்டர் எளிதாக வெல்வார் என்றன. எல்லாம் எண்ணி முடித்தபோது வித்தியாசம் 6,741. பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அவ்வளவுதான். கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு வாக்குச்சாவடியின் மறைவில் வேறு செய்கிறவர்களைப் பற்றி அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் பேசும்போது இன்றும் இந்தத் தேர்தலைக் குறிப்பிடுகிறார்கள். மறு எண்ணிக்கையிலும் முடிவு நின்றது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமெரிக்காவின் முதல் கறுப்பின ஆளுநராக ரிச்மண்டில் அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்ட நாள் 1990 ஜனவரி 13. பின்ச்பேக் இறங்கிய அதே தேதி, 117 ஆண்டுகள் கழித்து.

வர்ஜீனியா மேலவைக்குத் தலைமை தாங்கும் நாற்காலிக்கு 2021இல் ஜமைக்காவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி வின்சம் சியர்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 நவம்பரில் நடந்த தேர்தலில் அந்த நாற்காலியை வென்றவர் கஸாலா ஹாஷ்மி. கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். பிறந்த ஊர் ஹைதராபாத்.